கான்கிரீட்டுக்கு வயசு அம்பது

டிஸ்கி: இது கட்டடக்கலை படிச்சவன் எழுதற பதிவு இல்லை. ராயப்பேட்டையில முப்பது வருஷமா ஒரே ஃபிளாட்ல குடியிருக்கிற ஒருத்தன், சமையக்கட்டுல காரை விழுந்த பிறகு தேடித்தேடிப் படிச்சதை வெச்சு எழுதறது. கொஞ்சம் நீளம். காபி போட்டுட்டு வந்துடுங்க.

போன மழைக்கு அப்புறம் ஒரு ராத்திரி பதினோரு மணி இருக்கும். சமையக்கட்டுல 'தொப்'னு ஒரு சத்தம். பூனைதான் எதையோ தள்ளிவிட்டுடுச்சுன்னு போய்ப் பார்த்தா, அடுப்பு மேடை மேல ரெண்டு கைக்கு அடங்காத ஒரு கான்கிரீட் பாளம். மேல அண்ணாந்து பார்த்தா துருப்பிடிச்ச கம்பி நாலு பல்லைக் காட்டுது. பத்து நிமிஷம் முன்னாடி விழுந்திருந்தா பால் காய்ச்சிட்டிருந்த என் வீட்டுக்காரம்மா தலையில விழுந்திருக்கும்.

எங்க கட்டடம் 1970கள் கடைசியில கட்டினது. மூணு மாடி, பன்னண்டு வீடு, லிஃப்ட் கிடையாது. ஞாயித்துக்கிழமை சங்கக் கூட்டம் போட்டோம். பாதிப் பேர் "இதெல்லாம் இனிமே ஆகாதுங்க, ஜாயின்ட் வென்ச்சருக்குக் குடுத்துட்டு இடிச்சுக் கட்டிடலாம்"ங்கிறாங்க. மீதிப் பேர் "ரிப்பேர் பண்ணா இன்னும் முப்பது வருஷம் ஓடும்"ங்கிறாங்க. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மேஸ்திரியைக் கூப்பிட்டு ஏற்கெனவே 'ரிப்பேர்' பண்ணினோம். துருவைச் சுரண்டாம மேலயே சிமெண்டைப் பூசி, வெள்ளையடிச்சு, காசு வாங்கிட்டுப் போயிட்டார். இப்ப விழுந்தது அந்த ஒட்டுதான்.

கூட்டம் முடிவில்லாம கலைஞ்சது. மனசு சரியில்லாம நடக்கக் கிளம்பிட்டேன்.

மணிக்கூண்டுல இருந்து அப்படியே ஜி.பி. ரோடு. கார் ஸ்பேர்ஸ் கடை எல்லாம் ஞாயித்துக்கிழமைங்கறதால சாத்தியிருந்தது. மவுண்ட் ரோடு முனைக்கு வந்தா பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம். 1897-ல டபிள்யூ.ஈ. ஸ்மித்துங்கற மருந்து வியாபாரிக்காகக் கட்டினது, அப்ப பேரு கார்டைல் பில்டிங். செங்கல், கூம்பு கோபுரம், வளைவு வளைவா தாழ்வாரம். 2006-ல இதை இடிக்க ஆரம்பிச்சப்போ ஊரே கொதிச்சது. இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2010-ல கோர்ட் "இடிக்கக் கூடாது"ன்னு சொல்லிடுச்சு. அப்ப நம்ம பதிவுலகத்துலயும் பக்கம் பக்கமா எழுதினோம், பழைய ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அங்க இருந்து திரும்பினா கண்ணுல படறது எல்.ஐ.சி. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1953-ல ஆரம்பிச்சது. அடுத்த வருஷமே அவர் விமான விபத்துல போயிட்டார். 1956-ல காப்பீடு தேசியமயம் ஆனப்போ கட்டடமும் கை மாறி, 1959-ல திறந்தாங்க. 1975 ஜூலையில தீப்பிடிச்சு எரிஞ்சது. எரிஞ்ச கான்கிரீட் கட்டடத்தை இடிக்கலை, செப்பனிட்டு இன்னிக்கும் ஆபீஸ் நடக்குது. ஐம்பது வருஷத்துக்கு முன்னாடி நம்மாளுங்க இதைச் செஞ்சிருக்காங்கன்னு அன்னிக்குத்தான் எனக்கு உறைச்சது.

செங்கல்லுக்கு நாம கண்ணீர் விடறோம். விக்டோரியா ஹாலைச் சீரமைச்சா கை தட்டறோம். சிவப்பு நிறம், வெள்ளைக்காரன் பேரு, நூறு வருஷம், இந்த மூணும் இருந்தா அது 'பாரம்பரியம்'. கான்கிரீட்னா? "பழைய பில்டிங் சார், இடிச்சிடலாம்."

வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல ஆப்பிட்ட வார்த்தை ப்ரூட்டலிசம். கேட்டவுடனே ஏதோ கொடூரம்னு தோணும். அது இல்லை. பிரெஞ்சுல 'பெட்டான் ப்ரூட்'னு ஒண்ணு. பெட்டான்னா கான்கிரீட், ப்ரூட்னா பச்சையான, அப்படியே விட்ட. சென்ட்ரிங் பலகையைக் கழட்டின உடனே கான்கிரீட் எப்படி இருக்குமோ அப்படியே. பூச்சு இல்லை, பெயிண்ட் இல்லை, பலகையோட மரக்கோடு கூட மேல பதிஞ்சு தெரியும். நம்ம பாஷையில பூசாத கட்டடம். லெ கார்பூசியே பிரான்ஸ்ல மார்சேய் ஊர்ல 1952-ல முடிச்ச குடியிருப்பு இதுக்கு முன்னோடி. அவரே இங்க வந்து சண்டிகர்ல சட்டமன்றம், செயலகம், உயர் நீதிமன்றம் எல்லாம் இதே மாதிரி கட்டினார். அந்த வளாகம் 2016-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறிடுச்சு. அவர்கிட்ட வேலை பார்த்த பி.வி. தோஷி அகமதாபாத்ல தாகூர் நினைவு அரங்கத்தைக் கட்டினார். காகிதத்தை மடிச்சு வெச்ச மாதிரி கான்கிரீட் சுவர்.

ஆனா நம்ம பக்கத்துல இதுக்கெல்லாம் முன்னாடியே ஒண்ணு இருக்கு. பாண்டிச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டா விடுதி. 1930கள் நடுவுல ஆரம்பிச்சது, அன்டோனின் ரேமண்ட் வரைபடம், ஜார்ஜ் நகாஷிமா இங்கயே தங்கிக் கட்டினார். (ஹைதராபாத் திவான் அக்பர் ஹைதரி வாங்கிக் குடுத்த நிஜாம் அரசுப் பணத்துல கட்டினதால அந்தப் பேரு.) பூசாத கான்கிரீட், கடல்ல இருந்து கூப்பிடு தூரம், எண்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் ஆட்கள் அதுல குடியிருக்காங்க. என்ன ரகசியம்னா ஒண்ணும் இல்லை. அங்க இருக்கறவங்க தினம் அதைத் துடைச்சு, பார்த்து, சின்னதா ஏதாவது வந்தா அப்பவே சரி பண்றாங்க. எங்க சங்கக் கூட்டத்துல நான் சொல்ல நினைச்சு, அந்தச் சத்தத்துல சொல்ல முடியாமப் போனது இதுதான்.

எதிர்ப்பக்கக் கதையும் இருக்கு. டெல்லி பிரகதி மைதானத்துல ஹால் ஆஃப் நேஷன்ஸ். ராஜ் ரேவல் வடிவமைப்பு, மகேந்திர ராஜ் பொறியாளர், 1972-ல சுதந்திரத்தோட இருபத்தஞ்சாம் ஆண்டுக்காக எழுப்பினது. வெளிநாட்டுல இரும்புல செய்யற முக்கோணப் பின்னலை, இரும்பு கட்டுப்படியாகாதுன்னு நம்மாளுங்க கான்கிரீட்ல கையால வார்த்தாங்க. உலகத்துலயே அந்த மாதிரி பெருசு வேற இல்லை. 2017 ஏப்ரல்ல ராத்திரியோட ராத்திரியா இடிச்சுட்டாங்க. அதுக்கு முன்னாடி காப்பாத்தச் சொல்லிப் போனவங்களுக்கு டெல்லி பாரம்பரியக் குழு சொன்ன பதில், அறுபது வயசு ஆன கட்டடத்தைத்தான் பரிசீலிக்க முடியும்னு. அதுக்கு அப்ப நாப்பத்தஞ்சு வயசு.

இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்க. அறுபது வயசாகாம மரியாதை இல்லை. ஆனா கான்கிரீட்டுக்கு முதல் சீக்கு வர்றதே முப்பது நாப்பதுக்கு மேலதான். ஐம்பதுல முத்திப்போகும். ஆக, வைத்தியம் தேவைப்படற வயசுல அது வெறும் பழசு, மரியாதை வர்ற வயசுல அது இருக்கவே இருக்காது. இங்கிலாந்துல இது சாதாரணமா முப்பது வருஷம்தான், ஆபத்துன்னா பத்து வருஷக் கட்டடத்தைக் கூட காப்புப் பட்டியல்ல சேர்க்கலாம். நம்ம தமிழ்நாட்டுல பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறினது 2012-ல, அமலுக்கு வந்தது 2024-ல. பன்னண்டு வருஷம். சரி, அதைப் பத்திப் பேசினா பதிவு வேற ரூட்ல போயிடும்.

மெட்ராஸ்ல இந்தச் சிக்கலை நேருக்கு நேர் சந்திச்ச பொதுக் கட்டடம் எதுன்னு யோசிச்சேன். ராயப்பேட்டையில இருந்து பக்கம்னா முதல்ல வர்றது வாலாஜா ரோடு கலைவாணர் அரங்கம். 1952-ல சட்டமன்றம் கூடறதுக்காகக் கட்டினது, அப்புறம் பாலர் அரங்கம் ஆகி குழந்தைங்களுக்கு சினிமா காட்டினாங்க, 1970கள்ல பெருசாக்கி கலைவாணர் பேரை வெச்சாங்க. சபா நாடகம் பார்த்த தலைமுறைக்கு அது கோயில் மாதிரி. ஓமந்தூரார் தோட்டத்துல புதுத் தலைமைச் செயலகம் எழும்பினப்போ அது போச்சு. அந்தச் செயலகம் 2010-ல திறந்து, ஆட்சி மாறி, 2014-ல பல்நோக்கு மருத்துவமனையா ஆச்சு. கலைவாணர் அரங்கமும் புதுசா கட்டி 2016-ல வந்தது. 2020-ல கொரோனா இடைவெளிக்காக சட்டமன்றமே மறுபடி அங்க போய் உட்கார்ந்தது. சுத்திச் சுத்தி அதே இடம், ஆனா பழைய கட்டடம் இல்லை.

இடிக்காமச் சீரமைச்ச ஒண்ணு வேணும்னா அது வள்ளுவர் கோட்டம். இங்க நான் கொஞ்சம் நிதானமா நடக்கப் போறேன்.

"ஏய், அது ப்ரூட்டலிசமா?"ன்னு கேப்பீங்க. இல்லைதான். அதோட தேர் கல்லு, அலங்காரம் முழுக்க திராவிடக் கோயில் பாணி. ஒரு ப்ரூட்டலிச ஆசாமிகிட்ட காட்டினா மயக்கம் போட்டுடுவார். ஆனா தேருக்குப் பக்கத்துல இருக்கற அரங்கத்தைப் பாருங்க. 220 அடி நீளம், 100 அடி அகலம், நடுவுல ஒரு தூண் கிடையாது. நாலாயிரம் பேர் உட்காரலாம்னு சொல்வாங்க. 1970கள்ல அரசாங்கம் தன் பெருமைக்காக எழுப்பின பிரம்மாண்டக் கூடம். பொருளும் அதே, வயசும் அதே, வியாதியும் அதே. மேல போட்டிருக்கற சட்டைதான் வேற.

ஏரி இருந்த இடம் அது. நுங்கம்பாக்கம் ஏரி தூர்ந்து, குப்பை கொட்டற இடமாகி, அங்கதான் கருணாநிதி ஆட்சியில இந்த வேலை ஆரம்பிச்சது. ஸ்தபதி வை. கணபதி, பின்னாடி 2000-ல கன்னியாகுமரிக் கடல்ல 133 அடி வள்ளுவரை நிறுத்தினாரே, அவரேதான். தேரோட மாதிரி திருவாரூர்த் தேர், முதலமைச்சரோட சொந்த ஊர்ப் பக்கம். 128 அடி உயரம். அரங்கத்தைச் சுத்தி மேல இருக்கற குறள் மண்டபத்துல 1,330 குறளும் கல்லுல பொறிச்சிருக்கும். பள்ளிக்கூடத்துல இருந்து கூட்டிட்டுப் போனப்போ எங்களுக்கு ஒரே விளையாட்டு, போன வாரம் தமிழ் ஐயா மனப்பாடம் பண்ணச் சொன்ன குறள் எங்க இருக்குன்னு யார் முதல்ல கண்டுபிடிக்கறது. நான் ஜெயிச்சதே இல்லை.

வேலை முடியற நேரத்துல நெருக்கடி நிலை. 1976 ஜனவரி 31-ல ஆட்சி கலைஞ்சது. அதே வருஷம் ஏப்ரல்ல குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது வந்து திறந்து வெச்சார். அதைக் கட்ட ஆரம்பிச்சவர் அந்த மேடையில இல்லை. பதிமூணு வருஷம் கழிச்சு, 1989 ஜனவரியில, அவர் மறுபடி முதலமைச்சரா பதவிப் பிரமாணம் எடுத்தது அதே வள்ளுவர் கோட்டத்துல. எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் சரி, இந்தக் கதையில இருக்கற நாடகத்தை ரசிக்காம இருக்க முடியாது.

ஆனா என்னைக் கேட்டா அந்தக் கட்டடத்தோட நிஜ வாழ்க்கை இந்த ரெண்டு தேதியில இல்லை. நடுவுல இருக்கற சாதாரண நாட்கள்ல இருக்கு. கைத்தறிக் கண்காட்சி, மரச்சாமான் விற்பனை, தள்ளுபடிப் புடவை, பழைய புத்தகம், அப்பளம் ஊறுகாய் ஸ்டால். எங்கம்மா இப்பவும் போர்த்திக்கிற ஒரு ஜமக்காளம் அங்க வாங்கினது. வெளியில ரோட்டோரமா ஆர்ப்பாட்டம். சென்னையில எந்தச் சங்கம் எந்தக் கோரிக்கைன்னாலும் "வள்ளுவர் கோட்டம் அருகே"ன்னுதான் பேப்பர்ல வரும். உள்ள பொருட்காட்சி, வெளிய கோஷம், நடுவுல சுண்டல். ஒரு பொது இடத்துக்கு இதை விட என்ன வேணும்?

அதே வருஷங்கள்ல கட்டடம் கொஞ்சம் கொஞ்சமா சோர்ந்தும் போச்சு. பெரிய தட்டைக் கூரைன்னா மழைத் தண்ணி ஒரு வழி கண்டுபிடிச்சுடும். ஃபேன் காத்துல நாலாயிரம் பேர் உட்கார்ற கூடத்துக்கு, ஏ.சி. பழகின ஊர்ல கிராக்கி குறைஞ்சுது. உபயோகம் குறைஞ்சா பராமரிப்பு குறையும், பராமரிப்பு குறைஞ்சா உபயோகம் இன்னும் குறையும். அகமதாபாத்ல இதே தோஷி கட்டின பிரேமாபாய் ஹால் வருஷக்கணக்கா பூட்டியே கிடக்குது. இங்க அந்த நிலைமை வரலை. 80 கோடி ரூபாய்ல வேலை எடுத்து, 2025 ஜூன் 21-ல முதலமைச்சர் ஸ்டாலின் மறுபடி திறந்து வெச்சார். அரங்கத்துக்கு குளிர்சாதன வசதி, இருக்கைகள், ஒலி அமைப்பு, வண்டி நிறுத்த இடம், ராத்திரியில ஒளிக்காட்சி.

திறந்த கொஞ்ச நாள்ல பொண்ணைக் கூட்டிட்டுப் போய்ப் பார்த்தேன். ராயப்பேட்டையில மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருக்கறதால சுத்திச் சுத்தி ஆட்டோவுல முக்கால் மணி நேரம். போய் இறங்கினதும் தேரைப் பார்த்தேன். கழுவின மாதிரி இருந்தது. அரங்கத்துக்குள்ள நின்னப்ப ரெண்டு மாதிரியா இருந்தது எனக்கு. ஒரு பக்கம் சந்தோஷம். இடிக்கலை, கூடம் கூடமாவே இருக்கு, மறுபடி ஒரு ஐம்பது வருஷம் ஓடும். இன்னொரு பக்கம் ஒரு சின்ன உறுத்தல். வெறும் தரையா இருந்தப்போ அது என்னவா வேணா ஆகும், கண்காட்சி, பந்தி, மாநாடு, குழந்தைங்க ஓடிப்பிடிச்சு விளையாட்டு. நாற்காலியை வரிசையா ஊனி ஏ.சி.யைப் போட்டா அது ஒரே ஒரு விஷயம், அரங்கம். நல்ல அரங்கம்தான். ஆனா ஏ.சி. கூடத்தை வாடகைக்கு எடுக்கறவங்க வேற, ஃபேன் கூடத்தை எடுத்தவங்க வேற. ஜமக்காளம் விக்கறவருக்கு இனிமே எங்க இடம்னு யோசிச்சுட்டே நின்னேன். பொண்ணு மண்டபத்துல குறள் தேடிட்டிருந்தா. அவளுக்கும் கிடைக்கலை :-)

லண்டன்ல இதுக்கு ஒரு இரட்டைப் பிறவி இருக்கு. தேம்ஸ் கரையில நேஷனல் தியேட்டர், டெனிஸ் லாஸ்டன் கட்டினது, திறந்த வருஷம் அதே 1976. அது அக்மார்க் ப்ரூட்டலிசம், மரப்பலகைக் கோடு தெரியற சாம்பல் கான்கிரீட். ஊர்க்காரங்க திட்டாத திட்டு இல்லை. அப்ப இளவரசரா இருந்த சார்லஸ் அணு உலையோட ஒப்பிட்டுக் கிண்டல் அடிச்சார். ஆனாலும் 1994-லயே, பதினெட்டே வயசுல, காப்புப் பட்டியல்ல சேர்த்துட்டாங்க. அப்புறம் ஒரு பெரிய சீரமைப்பு, 2015 வாக்குல முடிஞ்சது. செலவு 80 மில்லியன் பவுண்டு. (இங்கயும் எண்பது அங்கயும் எண்பது, பின்னாடி வர்ற சைபர் மட்டும் வேற கணக்கு.) அங்க செஞ்சது என்னன்னா, வாசலைத் திருப்பி ஆத்தங்கரையில நடக்கறவங்களுக்குத் திறந்து விட்டாங்க. நாடக டிக்கெட் இல்லாதவனும் உள்ள வந்து காபி குடிக்கலாம், செட் போடற பட்டறையை நடைபாலத்துல நின்னு வேடிக்கை பார்க்கலாம். கட்டடத்தை அழகாக்கறதை விட, அதுக்குள்ள வர்ற ஆளுங்களோட எண்ணிக்கையை ஏத்தினாங்க. நான் வள்ளுவர் கோட்டத்துல தேடினது இதைத்தான்னு இப்ப எழுதும்போது தோணுது.

கோவாவுல நடந்தது வேற மாதிரி. பணஜியில மண்டோவி ஆத்தோரம் கலா அகாடமி. சார்லஸ் கொரியா கட்டினது, 1983-ல முழுசா முடிஞ்சது. ரோட்டுல போறவன் கேட்டு வாசல்னு எதுவும் தடுக்காம அப்படியே நடந்து ஆத்தங்கரை வரைக்கும் போகலாம், அந்த மாதிரி திறந்த கட்டடம். அரங்கத்துச் சுவர்ல மாரியோ மிராண்டா வரைஞ்ச பொய்ப் பால்கனியில பொய் ரசிகர்கள். 2021-ல சீரமைப்பு தொடங்கினாங்க. 2023 ஜூலையில ஒரு ராத்திரி திறந்தவெளி மேடையோட கூரை இடிஞ்சு விழுந்தது. நல்லவேளை, ஆள் இல்லை. அதே வருஷம் நவம்பர்ல மறுபடி திறந்தாங்க. திறந்த பிறகும் கலைஞர்கள் ஒலி சரியில்லை, ஒழுகுதுன்னு குரல் கொடுத்துட்டே இருந்து, கடைசியில குறைகளைப் பார்க்க அரசே ஒரு குழு போட வேண்டியதாச்சு.

ஏன் இதுல இவ்வளவு கஷ்டம்? இதைத்தான் எங்க மாடி வீட்டு சார்கிட்ட கேட்டேன். ரிட்டயர்டு சிவில் இன்ஜினியர், எழுபத்தெட்டு வயசு, சங்கக் கூட்டத்துல வாயே திறக்கலை.

"தம்பி, கான்கிரீட் கல்லு இல்ல. அது ஒரு ரசாயனம். சிமெண்ட்டு காரம், அந்தக் காரம் இருக்கற வரைக்கும் உள்ள இருக்கற கம்பிக்குத் துருப்பிடிக்காது. காத்துல இருக்கற கரியமிலவாயு வருஷா வருஷம் ஒரு மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர்னு உள்ள போயிட்டே இருக்கும். போற வழியெல்லாம் காரம் செத்துடும். அது கம்பியைத் தொட்ட அன்னிக்கு ஆரம்பிக்குது துரு. துரு, இரும்பை விட ரெண்டு மூணு மடங்கு இடத்தை அடைச்சுக்கும். உள்ளேருந்து தள்ளும். தள்ளினதுதான் உங்க அடுப்பு மேல விழுந்தது."

"கடல் காத்து சார்?"

"அது வேற. உப்பு வந்துட்டா காரம் இருந்தாலும் துருப்பிடிக்கும். நம்ம ஊருக்கு ரெண்டும் உண்டு. அந்தக் காலத்துல கம்பிக்கு மேல கவர் ஒழுங்கா விட மாட்டான், முக்கா இஞ்சு இருக்க வேண்டிய இடத்துல கால் இஞ்சு. சில இடத்துல போர்த் தண்ணியையே கலக்கிட்டான்."

சாதாரணக் கட்டடத்துக்கு வைத்தியம் தெரிஞ்சதுதான்னு சொன்னார். கெட்டுப்போனதை நல்லா உளியால வெட்டி எடுக்கணும், கம்பிக்குப் பின்னாடி விரல் போற அளவுக்கு. துருவைப் பளபளன்னு தேய்க்கணும். மெலிஞ்சு போன கம்பிக்குப் பக்கத்துல புதுக் கம்பி. துருத்தடுப்புப் பூச்சு, பழசும் புதுசும் ஒட்டறதுக்கு ஒரு பூச்சு, அப்புறம் பாலிமர் கலந்த கலவை. மேல பூசி பெயிண்ட் அடிச்சா யாருக்கும் தெரியாது. ஆனா பூசாத கட்டடத்துல ஒட்டுப் போட்டா கோமணத்துல ஒட்டுப் போட்ட மாதிரி ஊருக்கே தெரியும் (உவமை அவருது, நான் பொறுப்பில்லை). ஐம்பது வருஷம் வெயில் மழை பட்ட அந்தச் சாம்பல் நிறத்துக்கு சரியா கலவை பிடிக்கணும், மரக்கோட்டைக் கூட திரும்பப் பதிக்கணும். சுலபமான வழி ஒண்ணு இருக்கு, எல்லாத்துக்கும் மேல பெயிண்ட் அடிச்சுடறது. நிறைய ஊர்ல அதைத்தான் செய்யறாங்க. கட்டடம் நிக்கும், ஆனா அது யாருன்னு அப்புறம் அடையாளம் தெரியாது.

வள்ளுவர் கோட்டத்துக்கு இதுல ஒரு அதிர்ஷ்டம் உண்டுன்னார் அவர். கல்லும் பூச்சும் வெளிய இருக்கறதால உள்ள இருக்கற கான்கிரீட்டை என்ன செஞ்சாலும் முகம் மாறாது. கொரியாவுக்கும் லாஸ்டனுக்கும் அந்தச் சட்டை கிடையாது.

"அப்ப நம்ம கட்டடம் சார்? இடிக்கணுமா வேண்டாமா?"

பதில் சொல்லாம உள்ள போனார். ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலோட வந்தார். ஃபினாஃப்தலீன், பள்ளிக்கூட வேதியியல் லேப்ல அமிலம் காரம் பார்ப்போமே, அதே சாமான். காரம் உயிரோட இருந்தா கான்கிரீட் ரோஸ் கலராகும், செத்திருந்தா நிறமே மாறாது. எங்க சமையக்கட்டுக்கு வந்து, ஸ்டூல் மேல ஏற வேண்டாம்னு எவ்வளவோ சொல்லியும் கேக்காம ஏறி, விழுந்த இடத்துப் பக்கத்துல உளியால புதுசா ஒரு தட்டுத் தட்டி, தூசியை ஊதிட்டு அடிச்சார்.

அடிப்பக்கம் ஒரு இஞ்சுக்கு ஒண்ணுமே இல்லை. அப்படியே சாம்பல். அதுக்கு மேல, கம்பியைத் தாண்டி உள்ள, ஜிவ்வுனு செம்பருத்திப் பூ நிறத்துல ஏறிச்சு. என் வீட்டுக்காரம்மா கையில கரண்டியோட நின்னு பார்த்துட்டிருந்தாங்க.

"பாத்தியா தம்பி"ன்னார். "மேல் தோல்தான் போயிருக்கு."

பன்னண்டு வீட்டுலயும் இதே மாதிரி தட்டிப் பார்க்கணும், பீம்ல பார்க்கணும், மொட்டை மாடி வாட்டர் டேங்க் கீழ பார்க்கணும், ஒரு வீட்டை வெச்சு சொல்ல முடியாதுன்னும் சேர்த்துச் சொன்னார். அடுத்த ஞாயித்துக்கிழமை மறுபடி கூட்டம். இந்தத் தடவை அந்த பாட்டிலை எடுத்துட்டு வர்றதா ஒத்துக்கிட்டிருக்கார். ஜாயின்ட் வென்ச்சர் கோஷ்டியும் ஒரு பில்டரைக் கூட்டிட்டு வர்றாங்களாம். என்ன ஆச்சுன்னு அடுத்த பதிவுல எழுதறேன்.

பி.கு: உங்க ஊர்ல 1960, 70கள்ல கட்டின அரங்கம், நூலகம், நகராட்சி மண்டபம் ஏதாவது இன்னும் நின்னுட்டிருந்தா ஒரு வரி எழுதிப் போடுங்க. போட்டோ இருந்தா இன்னும் விசேஷம்.